வாட்டர்லூ மேஜையில் ஒரு மௌனம்

ஆம்பூரில், நண்பன் இம்தியாஸின் மாடியறையில் வாட்டர்லூ போரை மேஜைமேல் மறுபடி நடத்தினோம். அவன் நெப்போலியன், நான் ஆங்கிலேயப் படை. தோல் துண்டுகளை ஷூ பசையால் ஒட்டி அப்போதுதான் குன்றுகள் செய்திருந்தோம். பொம்மைச் சிப்பாய்கள் சாயக்கூடாதென்று ஜன்னலை மூடி, ஃபேனையும் நிறுத்தியிருந்தோம். பசை வாடை ஷூ கம்பெனியில் வேலை செய்யும் எங்களுக்குப் பழகியது.

"இன்னா நெப்போலியன், பயந்துட்டியா? டைஸைப் போடுடா!"

பதில் இல்லை. யோசிக்கிறான் என்று என் குதிரைப்படையைச் சரிசெய்தேன். அவன் தலை சிப்பாய்கள்மேல் சாய்ந்தது. எழுந்தேன், மூடிய அறையின் பசை நெடியில் எனக்கும் தலை சுற்றியது. அவனை வெளியே இழுத்துப்போட்டு மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிறகு இருமினான்.

"யார்றா ஜெயிச்சா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், உடனே முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.