வெள்ளிமலைக்கு ஏற மறுத்த கார்

அந்த ஹைபிரிட் காரைத் தேர்ந்தெடுத்தவர் என் கணவர். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும், பத்து வயதைத் தாண்டிய வண்டி. கால்நடை மருத்துவரான நான் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு அடிக்கடி போயாக வேண்டும்; பெட்ரோல் மிச்சமாகும் என்றார். மிச்சமானது உண்மைதான். நின்றுபோன வண்டி பெட்ரோல் குடிப்பதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் கொஞ்சம் ஏறியதும் சிவப்பு விளக்கு எரியும். வண்டி முக்கிக்கொண்டே போய் ஓரமாக நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். சமவெளியில் மட்டும் தங்கமான வண்டி.

எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

“ரேடியேட்டர் அடச்சிக்கினு இருக்குது மேடம். கழுவி வுட்டா போதும்.”

கழுவினார், சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டை மாற்றினார், மூவாயிரம் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை மலையேறியபோது, முன்பு நின்ற இடத்தையும் தாண்டாமல் நின்றேன்.

பிறகு சேலத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். அங்கே என்னைக் குளுகுளு அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். காருக்குக் கம்ப்யூட்டரைச் செருகினார்கள்.

“இன்வெர்ட்டர் ஓவர்ஹீட்னு காட்டுது மேடம்” என்றார் டை கட்டிய இளைஞர். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியாம் அது.

“ஏன் சூடாகுது?”

“கழட்டினாத்தான் தெரியும். முழுசா மாத்திடறது சேஃப். பேட்டரியும் பழசு, அதையும் சேர்த்தே மாத்திடலாம்.”

அவர் தந்த எஸ்டிமேட், நாங்கள் வண்டியை வாங்கிய விலையைவிட ஜாஸ்தி. என் கணவர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஏதாவது தள்ளுபடி போட்டிருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுபடி மெக்கானிக்கிடமே போய், சேலத்தில் இன்வெர்ட்டர் என்று சொன்னதைச் சொன்னேன். “அண்ணே, நீங்களே என்கூட மலைக்கு வாங்க. நிக்கறதைக் கண்ணால பாருங்க.”

வண்டி எங்களை ஏமாற்றவில்லை. சொன்ன இடத்தில் நின்றது. சூடு ஆறும்வரை பேச வேறொன்றும் இல்லாததால் அவர் தன் மாட்டைப் பற்றி ஆரம்பித்தார்.

“நேத்துலேர்ந்து தீனி எடுக்கல மேடம். இன்னாவா இருக்கும்?”

“பார்க்காம எப்படிண்ணே சொல்றது?”

“ஒரு அந்தாஜா சொல்லுங்களேன்.”

“அந்தாஜுலதானே ரேடியேட்டரைக் கழுவினீங்க?”

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மாடாக இருந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று நாடி பார்ப்போமே, இதில் கூலன்ட் ஓடுகிறதா என்று பார்க்க முடியாதா என்று கேட்டேன். அவர் யோசித்தார். இன்வெர்ட்டருக்கென்று தனியாக இருந்த சின்ன டேங்கின் மூடியைத் திறந்து, என்னை வண்டியை ஆன் செய்யச் சொன்னார். பிறகு இருவரும் எட்டிப் பார்த்தோம்.

“தண்ணி அசையவே இல்லீங்களே மேடம்!”

குனிந்து, கூலன்ட்டைச் சுற்றவிடுவதற்காகக் கீழே இருந்த பம்ப்பை ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார். உர்ரென்று ஒரு சத்தம். டேங்கில் கூலன்ட் சுழன்றது. அன்று வெள்ளிமலை வரை நிற்காமல் போனோம்.

திரும்பும் வழியில் விலை பேசினோம். பம்ப்புக்கு ஆறாயிரம், கூலி ஆயிரம்.

“ரேடியேட்டர் கழுவின காசைக் கழிச்சிக்கலாம்ல?”

“அது எப்படிங்க மேடம்? கழுவுனது கழுவுனதுதானே? இப்ப எவ்ளோ சுத்தமா இருக்குது பாருங்க!”

சுத்தமாகத்தான் இருந்தது. ஏழாயிரத்தையும் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு மாட்டைப் பார்க்கப் போனபோது அது தானாகவே வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் டாக்டரம்மா கைராசிக்காரர் என்று அந்தத் தெருவில் பெயராகிவிட்டது.

புது பம்ப் வந்த பிறகு வண்டி ஒழுங்காக மலையேறுகிறது. ஹைபிரிட் வண்டிக்குச் செலவே கிடையாது என்று என் கணவர் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் அதைக் கேட்டு, அதே மாதிரி பழைய வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் வண்டியிலோ, போன வாரத்திலிருந்து ஏசி போட்டால் டேஷ்போர்டுக்கு உள்ளே கொரகொரவென்று ஏதோ கேட்கிறது. ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.