கீழே நட்டைப் பிடித்த கை

இது நடந்த விஷயம். நிந்தவூரில் யாரிடம் கேட்டாலும் மசூரின் வீட்டைக் காட்டுவார்கள். முற்றத்தில் கறுப்பு ஒஸ்டின் கார் ஒன்று பளபளவென்று நிற்கும். அவர் அதை ஓட்டுவதில்லை. விலை கேட்டு வருகிறவர்களிடம், "விக்கிற இல்ல, போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏனென்று அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் எதையும் கூட்டவில்லை.

மசூர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். அந்தப் பழைய காரைப் பார்த்துப் பார்த்துப் புதுசாக்கிக்கொண்டிருந்தார். தங்கை றிபாவுக்குக் கலியாணம் முடிவானபோது அவள் கேட்டது ஒன்றுதான். மாப்பிள்ளையை அந்தக் காரில் அழைத்து வரவேண்டும்.

எஞ்சின் ஓடியது. பெயின்ட் அடித்தாயிற்று. காரின் உடலை அடிச்சட்டத்தோடு பூட்டுகிற ஆறு நீளப் போல்ட்கள் மட்டும் இல்லை. பழையவை துருவாய் உதிர்ந்துவிட்டன. கல்முனைக் கடைகளில் இருப்பதெல்லாம் மில்லிமீற்றர் கணக்கு. இதற்கு வேண்டியது பழைய இஞ்சிப் புரி, அங்குலக் கணக்கில் வெட்டிய மரை. அக்கரைப்பற்றில் தேடினார். கொழும்புக்கும் ஆள் அனுப்பினார். வந்ததெல்லாம் இரண்டு சுற்றுச் சுற்றியதும் இறுகி நின்றது.

அப்போதுதான், சொறிக்கல்முனையில் தம்பிமுத்து என்கிற விவசாயியின் வளவில் இதே மாதிரிக் கார் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். மாரி காலம். வானம் மூடிக் கிடந்தது.

வளவின் பின்பக்கம், வாய்க்கால் ஓரமாய், பற்றைக்குள் அந்தக் கார் புதைந்து கிடந்தது. சக்கரம் தெரியவில்லை. கதவின் கீழ்விளிம்பு வரை சேறு.

"ஆர்ட கார் அண்ணன்?"

"தெரியா தம்பி. ஒரு வெள்ளத்துக்கு வந்து நிண்டது. ஒருத்தரும் தேடி வரல்ல. வேண்டியத கழட்டுங்க, நான் வயலுக்குத் தண்ணி கட்டிட்டு வாறன்."

தம்பிமுத்து வரம்பில் இறங்கிப் போனார்.

மசூர் காருக்குள் ஏறி முழங்காலில் இருந்தார். உக்கிப்போன விரிப்பைக் கிழித்ததும் போல்ட் தலைகள் தெரிந்தன. அச்சாக அவருக்கு வேண்டியவை. ஆனால் ஒரு சிக்கல். இந்தப் போல்ட்டை மேலே திருப்பினால் கீழே நட்டும் சேர்ந்து சுற்றும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே கீழே போக வழியில்லை.

சும்மா திருப்பிப் பார்த்தார்.

கழன்றது.

துரு கடித்த போல்ட் கிறீச்சிடும். இது சத்தமே இல்லாமல், நேற்று எண்ணெய் போட்டது போல வந்தது. கீழே நட் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. 'நட்டு துரு பிடிச்சி நிக்கிதாக்கும்' என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடித்தார். அதுவும் வந்தது.

மூன்றாவதைக் கழற்றும்போது கை வலித்தது. ஸ்பெனரை விட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

டிக்... டிக்.

காருக்குக் கீழேயிருந்து இரும்பில் தட்டும் சத்தம். கராஜில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். 'நான் பிடிச்சிட்டன், நீ திருப்பு' என்று அதற்கு அர்த்தம்.

"ஆரு? அண்ணன்ட ஆளா?"



டிக்... டிக்.

தம்பிமுத்து யாரையோ உதவிக்கு அனுப்பியிருப்பார் என்று நினைத்தார். "பிடிங்க" என்று சொல்லித் திருப்பினார். மூன்றாவது வந்தது. நாலாவதும் வந்தது. நாலாவது போல்ட் இருந்த ஓட்டையில் சேறு அடைத்திருந்தது. சுண்டுவிரலை விட்டுத் துழாவினார்.

கீழேயிருந்து ஏதோ விரலைத் தொட்டது.

குளிர்ந்திருந்தது... மெத்தென்று இருந்தது.

நகம் ஒன்று அவர் நகத்தில் உரசியது.

"இன்னும் ரெண்டு இரிக்கு..." என்றது ஒரு குரல். "கழட்டு."

மசூர் வெளியே விழுந்தார். போல்ட்கள் சட்டைப்பையில் கிலுகிலுத்தன. எழுந்து காரைச் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் இறுகிய சேறு. எலி நுழையவும் இடமில்லை.

எப்படி வீடு வந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவி ஹிமாயா கேட்டதற்கு, "தலையிடி" என்றார். போல்ட்களை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். மூன்று நாள் அடைமழை. மூன்று நாளும் நித்திரை இல்லை. பயத்தைவிட ஒரு எண்ணம் அவரை அரித்தது. காருக்குக் கீழே உண்மையிலேயே ஓர் ஆள் இருந்தால்?

மழை விட்ட காலையில் மறுபடியும் போனார்.

"தூக்கிப் பாப்பம் அண்ணன். கீழ ஆரோ இரிக்காங்க."

தம்பிமுத்து சிரிக்கவில்லை. மசூரின் முகத்தைப் பார்த்துவிட்டு உழவு மெஷினைக் கொண்டுவந்தார். சங்கிலி போட்டு இழுத்தார்கள். கார் இலேசாகக் கிளம்பியது. அடிச்சட்டம் சேற்றிலேயே நின்றுவிட, உடல் மட்டும் தனியாக வந்தது.

மிச்ச இரண்டு போல்ட்களும் இல்லை.

அடிச்சட்டத்துக்கு நடுவே ஒரு குழி. ஆள் மல்லாந்து கிடந்த அச்சு. தலை, தோள், முழங்கை... சுற்றிலும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தக் குழி மட்டும் காய்ந்து கிடந்தது.

"ஆண்டவரே..." என்றார் தம்பிமுத்து.

அப்போது மசூரின் போன் அடித்தது. ஹிமாயா.

"இஞ்ச பாருங்க, வேலைக்கு ஆள் அனுப்பினா சொல்லிட்டு அனுப்பப்படாதா?"

"என்ன ஆள்?"

"நம்மட காருக்குக் கீழ கிடக்காரே, அவருதான். கால் மட்டும்தான் தெரியிது. ஒண்டும் கதைக்கிறாரில்ல. தேத்தண்ணி வெச்சிட்டு வந்திரிக்கன்."

"ஹிமாயா... கதவப் பூட்டு. வெளிய வராத."

வழியெல்லாம் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

முற்றத்தில் யாரும் இல்லை. கார் மரக்குத்திகளின் மேல் அப்படியே நின்றது. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை. உள்ளே விளிம்புவரை சேறு.

மசூர் காரின் கதவைத் திறந்து தரையைப் பார்த்தார். உடல் அடிச்சட்டத்தோடு இறுகப் பூட்டியிருந்தது. ஆறு போல்ட்.

வீட்டுக்குள் ஓடி மேசை லாச்சியைத் திறந்தார்.

அவர் கொண்டுவந்த நாலும் அதற்குள்ளேயே கிடந்தன.