தண்ணியிலதான் கெடச்சுது

இப்போதெல்லாம் நான் ஏரியின் மேல் நடந்து வகுப்புக்குப் போகிறேன். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பின்லாந்தின் நடுவில் இருக்கிற இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் ஏரி மொத்தமும் உறைந்துவிடும். விடுதி ஒரு கரையில், கல்லூரி மறுகரையில். நகராட்சிக்காரர்கள் பனியை வழித்து, இரண்டு பக்கமும் குச்சி நட்டுப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு பெண்கள் போகிறார்கள், நாய்கள் போகின்றன, ஒருவர் சைக்கிளில்கூடப் போகிறார். முதல் வருடம் அந்தப் பாதையில் கால் வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவன் நான். அலை அடிக்கும், இழுக்கும், கவிழ்க்கும், அதெல்லாம் பழக்கம். சத்தம் போடாமல் கிடக்கிற தண்ணீரை எப்படி நம்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதமாக இந்த வலைப்பூவில் நான் எதுவும் எழுதவில்லை. துபாயிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா, ஜொகூரிலிருந்து ஒரு வெல்டர் அண்ணன், ஊரிலிருந்து சிலர், 'உடம்புக்கு ஏதாவதா?' என்று கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் எழுத ஆரம்பித்தேன், ஏன் நிறுத்தினேன் என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு இதை மூடுவதா வேண்டாமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

எழுத யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பொன்னேரிக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில் மீன் கூடையோடு ஏறுகிற பொம்பளைகளின் பேச்சுதான் எனக்குப் பள்ளிக்கூடம். 'கூடைய எடும்மா, நாறுது' என்று ஒரு கண்டக்டர் சொன்னார். 'நாத்தம் எங்கூட ஏறுச்சு, டிக்கெட் வேணா அதுக்கும் ஒண்ணு கிழி' என்றது ஒரு அம்மா. பஸ்ஸே சிரித்தது. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன். மூன்று வருடத்தில் நோட்டின் பின்பக்கம் வளர்ந்து வளர்ந்து முன்பக்கத்தை இடித்தது. பாடத்தில் வாங்கிய மார்க்கைக் கேட்காதீர்கள்.

இங்கே வந்து தண்ணீர்ச் சுத்திகரிப்பு படிக்கிறேன். காலையில் நான்கு அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளைத் துடைக்கிற வேலை, பிறகு வகுப்பு, பிறகு ஆய்வுக்கூடம். இதில் ஒரு நாளைக்கு நான் வாய்விட்டுப் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 'மொய்' என்றால் வணக்கம். 'கீட்டோஸ்' என்றால் நன்றி. அவ்வளவுதான், நாள் முடிந்தது. குப்பத்தில் பல் விளக்கிக்கொண்டே நான்கு வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை போட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பேசாத பேச்செல்லாம் வாய்க்குள்ளேயே புளித்தது. வீட்டுக்கு போன் போட்டால், 'துன்னியா? குளுருதா? சரி வெச்சிடு' என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதனால் எழுத ஆரம்பித்தேன். துடைத்த படிக்கட்டு காய்கிற வரைக்கும் மேல்படியில் உட்கார்ந்து போனிலேயே தட்டுவேன். என் வலைப்பூவில் பாதி, படிக்கட்டு காய்ந்த நேரத்தில் எழுதியது.

ஆய்வேடு ஏன் நகரவில்லை என்று என் ஆசிரியை ஒருநாள் கேட்டார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் வேறொன்று என்று வலைப்பூவைக் காட்டினேன். உருட்டி உருட்டிப் பார்த்தார். 'இவ்வளவு பக்கமா! இதற்கு எத்தனை கிரெடிட்?' என்றார். கிரெடிட் கிடையாது, ஊர்க்காரர்கள் படிப்பார்கள் என்றேன். அவர் முகம் கவலையானது. 'உனக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் கல்லூரியில் மனநல ஆலோசகர் இருக்கிறார், இலவசம்தான்' என்று ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷி. நான் அந்தச் சீட்டைப் பற்றியும் ஒரு பதிவு எழுதினேன்.

குப்பத்தில் என் வாசகர் தலைவன் தேசிங்கு. என் கூட்டாளி. வலை பின்னுகிற கொட்டகையில் உட்கார்ந்து என் பதிவுகளைச் சத்தமாகப் படித்துக்காட்டுவான். 'மச்சான், நீ எழுதுனத படிச்சா நீ இங்கயே குந்திக்கினு பேசற மாதிரி கீது. ஆனா இங்க கீறப்ப இவ்ளோ நல்லா பேச மாட்டியே' என்பான்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். எங்கள் நைனா எனக்கும் அண்ணனுக்கும் விட்டுப்போனது ஒரு கல். கரையிலிருந்து தள்ளி, கடலுக்கு அடியில் கிடக்கிற கல்லுத் தரை. சுற்றிலும் மணலாக இருக்கிற இடத்தில் அந்த ஒரு திட்டில் மட்டும் சங்கரா மீனும் களவா மீனும் தங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரையில் தெரிகிற இரண்டு பொருள்கள் ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும்படி ஒரு கோடு, வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி வைத்து இன்னொரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். எந்தப் பொருள்கள் என்று இந்த முறை எழுத மாட்டேன். வேறு மீன்பிடி போட்டு கண்ணில் பட்டால் நைனா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தூரமாகப் போய், மீனே இல்லாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர்கள் போகும்வரை பீடி. கரையில் யாராவது, 'இன்னாபா, எங்க கெடச்சுது?' என்று கேட்டால், 'தண்ணியிலதான் கெடச்சுது' என்பார். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பதும் ஒரு மரியாதை, சொல்லாமல் விடுவதும் ஒரு மரியாதை.

நைனா போன பிறகு கல் அண்ணனுடையது. அண்ணன் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறார், ஆனால் கல் இருக்கிற இடத்தை அதில் ஏற்றவில்லை. 'மிஷின் கைமாறும், மண்ட கைமாறாது' என்று சிரிப்பார். நான் பிளேன் ஏறிய அன்று என் தோளைப் பிடித்து, 'எடம் ஞாபகம் கீதில்ல?' என்று மட்டும் கேட்டார்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு நாள். புள்ளியியல் பரீட்சையில் இரண்டாவது முறையும் தோற்றிருந்தேன். மூன்றரை மணிக்கே வெளியே இருட்டு. நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, எதற்கென்று தெரியாமல், கல்லுக்குப் போகிற அடையாளங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் ஜோடி வந்தது. இரண்டாவது ஜோடியில் ஒன்று வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்க வெட்கம். ஒருவழியாக அது வந்து சேர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி மறக்கக் கூடாது என்று அப்போதே எழுதினேன். நைனாவின் பீடி, அவர் ஒரு கண்ணை மூடிக் கரையைப் பார்க்கிற விதம், முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி, எல்லாம். நோட்டில் எழுதியிருக்கலாம். எழுதுவது என்றால் வலைப்பூவில்தான் என்று கை பழகியிருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் கொடுமை.

தேசிங்கு அதைக் கொட்டகையில் படித்தான். அங்கே இருந்த கிழவர் ஒருவர் நைனா பெயரைச் சொல்லி அழுதாராம். நன்றாக இருக்கிறதென்று நான்கு குரூப்புக்கு அனுப்பினான். பத்தாம் நாள் அண்ணன் போன் செய்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பேன்.

'சின்னவனே, நைனா உங்கிட்ட சொன்னாரா, ஊருக்குச் சொன்னாரா?'

துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

'பதினோரு போட்டு நின்னுகினு கீது கல்லு மேல. எல்லார் மிஷின்லயும் ஏறிப்போச்சு. நான் போனா, வாப்பா நீயும் ஒரு ஓரமா நில்லுன்றான் ஒர்த்தன். எங்க நைனா கல்லுல எனக்கு ஓரம் குடுக்கறான்.'

'அண்ணே, அழிச்சிடறேன்...'

'எத்த அழிப்ப?' என்றார். வைத்துவிட்டார்.

பதிவை அன்றே எடுத்துவிட்டேன். யாருடைய போனிலிருந்து எடுப்பது? வேறு குப்பத்தார் யாரோ பேராசையில் தூண்டிலை விட்டுவிட்டு வலையே இறக்கிவிட்டார்களாம். அது கல்லில் மாட்டி அறுந்து, கல்லைச் சுற்றிக் கிடக்கிறது. இனி அங்கே யார் தூண்டில் போட்டாலும் வலையில்தான் மாட்டும். அண்ணன் இப்போது மற்றவர்களோடு சேர்ந்து வலைக்குப் போகிறார். தேசிங்கு அழுதுகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: 'உங்க நைனாவ எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் மச்சான் அனுப்சேன். என்ன செருப்பால அடி.' அவனை அடித்து என்ன ஆகப்போகிறது. அவன் படித்தான், எழுதியவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முந்தின குளிர்காலத்தில், ஏரிப் பாதைக்கு ஓரமாக ஒரு அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். பனிக்கட்டியில் சிறிய துளை போட்டு, மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, முழம் நீளத் தூண்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோடு போட்ட சிறிய மீன்கள் நாலைந்து விறைத்துக் கிடந்தன. எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். எனக்குத் தெரிந்த அரைகுறை பின்னிஷில், இந்த மீன் எங்கிருந்து கிடைத்தது, துளை எங்கே போட்டால் கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'யார்வெஸ்தா' என்றார். ஏரியிலிருந்து என்று அர்த்தம். அவ்வளவுதான். திரும்பவும் துளையைப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு, இந்த நாட்டுக்காரர்கள் வார்த்தையைக்கூட ஐஸ் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கிண்டலாக ஒரு பதிவு போட்டேன். நீங்கள் எல்லாரும் ரசித்தீர்கள், தேசிங்கு கொட்டகையில் இரண்டு தரம் படித்தானாம். நைனா வாயில் ஆயுசு முழுக்கக் கேட்ட பதில் அது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணன் போனை வைத்த பிறகுதான், பாதி துடைத்த படிக்கட்டில் நான் நின்றுகொண்டிருந்தபோது, அந்த அம்மாள் நினைவுக்கு வந்தார்.

அண்ணன் அதன்பின் என்னிடம் பேசவில்லை. அண்ணி பேசுகிறார். நல்லவர், வாய் கொஞ்சம் நீளம். போன வாரம் அம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவர், சந்தோஷத்தில் பேச்சோடு பேச்சாக வாயை விட்டுவிட்டார்.

'ஒங்கண்ணன் முந்தாநேத்து ஒரு களவா எட்த்துகினு வந்தாரு தம்பி, எம்மாம் பெர்சு தெரியுமா, கூடையில வால் அடங்கல. புதுசா ஒரு எடம் பாத்துகீறாரு...'

எனக்கு மூச்சே திரும்பி வந்த மாதிரி இருந்தது. கேட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை, அவருடைய தம்பியாகத்தான் கேட்டேன்.

'எங்க அண்ணி?'

போனில் யாரோ மீன் காயப்போடுகிற இடத்தில் நாயை விரட்டுகிற சத்தம். அண்ணி தொண்டையைச் செருமினார்.

'அது... தண்ணியிலதான் தம்பி கெடச்சுது' என்றார். பிறகு அவசரமாக, 'நீ துன்னியா? அங்க இன்னும் குளுருதா?' என்றார்.

குளிர்கிறது என்றேன்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும். நைனா வெளியாளுக்குச் சொன்ன பதில் அது. எனக்குச் சொல்லப்படும் என்று நான் நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த வலைப்பூவை மூடவில்லை. எழுதாமல் இருந்த மூன்று மாதத்தில் ஆய்வேடு ஒரு பக்கம்கூடக் கூடவில்லை. புள்ளியியலும் தேறவில்லை. படிக்கட்டு காய்கிற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு திரும்பவும் புளிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் எழுதுவேன். அண்ணன் படிக்க மாட்டார், தெரியும். கொட்டகையிலும் இனிச் சத்தமாகப் படிப்பார்களோ என்னவோ.

மார்ச் வந்துவிட்டது. ஐஸ் இன்னும் சில வாரம்தான் தாங்கும் என்கிறார்கள், ஓரங்களில் தண்ணீர் கசிகிறது. இன்று காலை வகுப்புக்கு வரும்போது அந்த அம்மாள் இந்த வருடமும் உட்கார்ந்திருந்தார், வேறொரு இடத்தில். பாதையில் நின்றேன். என்னையறியாமல் ஒரு கண் மூடிக்கொண்டது. அவர் தலைக்கு மேலே தேவாலயக் கோபுரம், அதன் பின்னால் காகித ஆலைப் புகைபோக்கி. இடப்பக்கம் இன்னொரு ஜோடியைக் கண் தேட ஆரம்பித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாகத் தூண்டிலைச் சுருட்டினார். ஸ்டூலை மடக்காமலேயே, பீடி பிடிக்கிறவர் மாதிரி சும்மா உட்கார்ந்துகொண்டார். நான் போவதற்காகக் காத்திருக்கிறார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கல்லூரி வரும்வரை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, குச்சி நட்ட பாதையை மட்டும் பார்த்து நடந்தேன்.