ஊத்தவா, மாமா?

போன வாரம் திருப்பரங்குன்றத்தில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். பட்டு வேட்டியும் பந்தாவுமாகத் திரியவேண்டியவன், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா வீட்டு மாடிப்படியில் கெஞ்சிக்கொண்டு நின்றேன். யாரிடம்? மாப்பிள்ளையின் தங்கை வித்யாவிடம்.

“மூணாவது முடிச்சு நான்தான் போடுவேன் மாமா. போட்டுட்டுக் கெளம்பிருவேன். மஞ்சத் தண்ணிக்கு இருக்க மாட்டேன்.”

கல்யாணம் முடிந்ததும் மாமன், மச்சான், கொழுந்தியாள் என்று முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்த அண்ணன் கல்யாணத்தில் தங்கச்சியைக் காணோம் என்றால்... நாலு பேர் கேட்க மாட்டார்களா? அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் அவனியாபுரத்தில் கோயில் திருவிழா. கடைசி நாள் இதே மஞ்சள் தண்ணீர். வித்யா “வேணாம், வேணாம்” என்று கத்தக் கத்த, என் மகன் தினேஷ் அவள் கையைப் பிடித்து நிறுத்தி மூன்று வாளி ஊற்றினான். அவன் சேக்காளிகள் அதை வீடியோ எடுத்தார்கள். நனைந்த துணியோடு நேரே என்னிடம் வந்தவள், “மாமா, இது ஹராஸ்மென்ட்” என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஏன் சிரித்தோம்? அந்த வார்த்தை அன்று காலையிலிருந்தே வீட்டில் உருண்டுகொண்டிருந்தது. நாலாவது தோசையை வைத்த மனைவியிடம், “இம்புட்டு தோசையா? ஹராஸ்மென்ட்டா இருக்கே!” என்றவன் நான். லோன் வேணுமா என்று போன் வந்தால் ஹராஸ்மென்ட். வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் வந்தால் ஹராஸ்மென்ட்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஈவ் டீசிங்’ மட்டும்தான். மேலூர் பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்கியபடி, உள்ளே இருந்த பெண்களைப் பார்த்துப் பாட்டுப் பாடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். கேரம்போர்டு மாதிரி அதுவும் ஒரு விளையாட்டு என்று நினைப்பு! தாங்க முடியாமல் அந்தப் பெண்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர்... திமிர்.

அப்புறம்தான், ‘இது விளையாட்டில்லை, குற்றம்’ என்று சொல்ல ஒரு கனமான வார்த்தை கிடைத்தது. அதையும் தோசைக்கும் லோனுக்கும் போட்டுத் தேய்த்துவிட்டோம். நிஜமாகவே ஒருத்தி சொன்னபோது அது தோசைப் பேச்சு மாதிரியே எங்கள் காதில் விழுந்தது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது எனக்கு.

“அன்னைக்கு நான் சிரிச்சது தப்புத்தா” என்றேன் வித்யாவிடம்.

“நீங்க சொல்லிட்டீங்க. ஊத்துனவன் சொல்லலையே?”

கீழே இறங்கி, சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த தினேஷைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

“மொறைக்காரப் புள்ளைகிட்ட வெளையாடுனது ஒரு தப்பாப்பா?”

“வெளையாட்டுன்னா ரெண்டு பேருமுல்லடா சிரிச்சிருக்கணும்?”

பயல் வயரைக் கீழே வைத்துவிட்டு, சேக்காளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீடியோவை அழிக்கச் சொன்னான். பிறகு போனோடு மாடி ஏறினான்.

“வித்யா, தப்புதான். வீடியோவ என் போன்லயும் அவனுக போன்லயும் அழிச்சாச்சு. இந்தத் தடவ உன்னையக் கேக்காம ஒரு சொட்டு ஊத்த மாட்டோம்.”

“என்னைய மட்டுமில்ல. யாரா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் ஊத்தணும். சம்மதமா?”

சம்மதம்.

கல்யாணத்தன்று பார்க்கணுமே அந்த வேடிக்கையை! அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர். ஆளாளுக்குச் செம்பைத் தூக்கிக்கொண்டு, “ஊத்தவா மச்சான்?”, “ஊத்தவா மதினி?” பெண் வீட்டார் இதை எங்கள் வம்சத்து வழக்கம் என்றே நினைத்துவிட்டார்கள். பெண்ணின் சித்தப்பா கைகூப்பி, “ஊத்தலாங்களா சம்பந்தி?” என்று பயபக்தியோடு கேட்டு ஊற்றினார். வித்யா ஒரு முழு வாளியைத் தினேஷ் தலையில் கவிழ்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு மண்டபத்து வாசல்வரை கேட்டது. அக்கா மறுபடியும் அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

அடுத்து வித்யா என்னிடம் வந்தாள். “ஊத்தவா, மாமா?”

“ஐயோ, சளி பிடிச்சிருக்குத்தா. வேணாம்.”

தூக்கிய செம்பு அப்படியே நின்றது. வேண்டாம் என்றால் நிற்கிறது! அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஐம்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். அந்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கிறதா? “சரி... ஊத்து!” என்றுவிட்டேன்.

மூன்று நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறேன். புகார் கொடுக்கவும் வழியில்லை... கேட்டுவிட்டுத்தானே ஊற்றினாள்!