ராஸ்கோ மிச்சம் வைத்த கேக்

கல்லூரி அணிக்குப் பையன்களைத் தேடி ராஸ்கோ விட்லோ எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் கடைசியில் வரும் கேக்கை மட்டும் தொடமாட்டார். பொரித்த மீனைச் சாப்பிடுவார். கீரையில் ஊறிக் கிடக்கும் பன்றிக்கறித் துண்டைத் தேடி எடுத்துச் சாப்பிடுவார். சோள ரொட்டியால் தட்டை வழித்துத் துடைத்துவிட்டு இன்னொரு ரொட்டிக்கும் கை நீட்டுவார். கேக் வந்ததும் தட்டைச் சற்றே தள்ளி வைத்துவிடுவார்.

"இது இப்ப வேணாம்மா. உங்க பையன் பட்டம் வாங்குற அன்னைக்கு வந்து சாப்பிடுறேன். அதுவரைக்கும் என் பேர்ல கடனா இருக்கட்டும்."

தெற்கு ஜார்ஜியாவின் நிலக்கடலை வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர்களில் பல வருஷங்களாக அம்மாக்கள் கேட்டு வந்த பேச்சு இது. சிலர் நெகிழ்ந்துபோவார்கள். சிலருக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு வீட்டில் பையனுடைய அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன், எங்க அண்ணி கேக்குல விஷமா வச்சிருக்கா? நான் ரெண்டு துண்டு தின்னுட்டு உயிரோடதான நிக்கிறேன்?" கல்லூரியில் கூட வேலை பார்த்தவர்களோ அவருக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டியிருந்தார்கள். "அந்த வயித்தப் பாருங்கய்யா. கேக்க விட்டவன் வயிறா அது?" என்று தலைமைக் கோச் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சிரித்தார். ராஸ்கோவும் சிரித்தார்.

காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். ராஸ்கோவுக்குப் பதினேழு வயதில், பளபளக்கும் காலணி போட்ட ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். மோதித் தள்ளி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஆள் தேடி வந்த கல்லூரிக் கோச். அம்மா பெக்கன் கொட்டை போட்டுச் செய்த கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதை அலுமினியத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டார். "இனி இவன் என் புள்ளம்மா" என்றார். அடுத்த வருஷமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இரண்டாம் வருஷம் ராஸ்கோவின் முழங்கால் போயிற்று. அதற்கப்புறம் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் அவருடைய பெயர் நினைவில் இல்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தைத் துடைத்து, அந்தக் கூலியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினார். அன்றைக்கும் அம்மா அதே கேக்கைச் செய்தாள். சாப்பிடும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷன் ஒரு எட்டு வந்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தானும் அதே வேலைக்கு வந்தபோது ராஸ்கோ கேக்கை விட்டார். அந்த ஆள் தின்றதற்கு இவர் தின்னாமல் இருப்பது ஈடாகுமா என்று அவருக்கே சந்தேகம்தான். ஆனால் அம்மாக்களுக்கு அது பிடித்திருந்தது. அவர்களுக்குப் பிடித்திருந்ததால்தான் பையன்கள் வந்தார்கள். முதலில் மனசாட்சிக்காகச் செய்தது எப்போது தொழில் தந்திரமாக மாறியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சில வீடுகளிலிருந்து உண்மையாகவே அழைப்பு வந்தது. எவ்வளவு தூரமானாலும் காரை எடுத்துக்கொண்டு போய், பட்டமளிப்பு அங்கி போட்ட பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு வருவார். அழைப்பு வராத வீடுகளும் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் அதிகம் நினைப்பதில்லை. ஒடெஸா டால்பர்ட்டின் வீட்டை நினைக்காமல் இருக்கத்தான் அவரால் முடியவில்லை.

ஒடெஸா கோழி ஆலையில் நின்றபடி வேலை பார்த்து மகனை வளர்த்தவள். மகன் ஜமேரியன் வாசல் நிலையில் தலை குனிந்து நுழைகிற உயரம். வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் எதிரணிப் பையன்களைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு போய்க் கை கொடுத்து எழுப்பிவிடுவான். அவனைத் தேடி ஆறேழு கல்லூரிக் கோச்சுகள் அந்த வீட்டுச் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அவனுக்கோ மாட்டு டாக்டர் ஆக வேண்டும். எங்கே யாருடைய பசு கன்று போட்டாலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

ஒடெஸா நேராகவே கேட்டாள். "கோச், எங்க சித்தி மகனையும் ஒருத்தர் இப்படித்தான் கூட்டிட்டுப் போனார். லேப் எல்லாம் மத்தியானம் இருக்காம். பிராக்டீஸும் மத்தியானமாம். லேப்புக்குப் போறதுன்னா போ, ஆனா ஆட்டத்துல எறக்க மாட்டோம்னாங்களாம். என் பையனுக்கு அப்படி நடந்தா யாரப் போய்க் கேக்குறது?"

"என்னக் கேளுங்க, மிஸ் ஒடெஸா. லேப் இருக்குற நாள்ல அவன் பிராக்டீஸுக்கு லேட்டா வரட்டும். அது என் பொறுப்பு. நான் இருக்கேன்ல."

"மத்தவங்களும் இருக்கோம்னுதான் சொல்றாங்க."

"மத்தவங்க கேக் தின்னாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். "ஒருத்தர் முக்கா கேக்கத் தின்னுட்டார். பாத்திரத்தையும் தின்னுடுவாரோன்னு பயந்துட்டேன்." அன்று அவள் கேரமல் கேக் செய்திருந்தாள். ராஸ்கோ தட்டைத் தள்ளி வைத்தார். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை அலுமினியத் தாளில் சுற்றினாள். மேலே காகித டேப் ஒட்டி 'கோச்' என்று எழுதி ஃப்ரீசரில் வைத்தாள். "கல்யாண கேக்குல ஒரு துண்ட முதல் வருஷ நாளுக்குன்னு இப்படித்தான் வச்சுக்குவாங்க. கெட்டுப்போகாது. நீங்க கெட்டுப்போகாம இருங்க" என்றாள்.

பிப்ரவரியில் கையெழுத்து நாள்; எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று பையன்கள் எழுதிக் கொடுக்கும் புதன்கிழமை. அதற்கு முந்தின வாரமே அலுவலகத்தில் கசகசவென்று பேச்சு. தலைமைக் கோச்சுக்குப் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, பேச்சு முடிந்துவிட்டது. அவர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "புதன்கிழமை எல்லாக் கையெழுத்தும் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தனும் வாயத் திறக்கக் கூடாது. திறந்தா நம்ம பசங்க அத்தன பேரும் சிதறிப் போயிடுவானுங்க." இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பையன்கள் மனிதரை நம்பி வருகிறார்கள், கையெழுத்தை வாங்கிக்கொள்வது கல்லூரி. மனிதர் போய்விடலாம், கையெழுத்து போகாது. புதிதாக வரும் தலைமைக் கோச் தன் ஆட்களைக் கொண்டுவருவார். ராஸ்கோ போன்றவர்கள் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராஸ்கோ ஒடெஸாவுக்குப் போன் செய்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியாது. பின்னால் ஆட்கள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. தேவாலயத்துப் பெண்கள் நாளைய விழாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கோச்! நூறு வயசு உங்களுக்கு. இப்பதான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம். சொல்லுங்க."

ராஸ்கோ வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும்? பையன் வேறு கல்லூரிக்குப் போவான். அங்கேயும் இப்படி ஒரு கோச் இருப்பார், அவரும் ஒருநாள் போவார். இதைச் சொன்னவன் ராஸ்கோ என்று தெரிந்துவிட்டால் இந்தத் தொழிலில் அவரை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லாத நேரம். இதெல்லாம் நியாயமான காரணங்களா, அல்லது பயத்துக்கு அவர் மாட்டிய சட்டையா?

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு அவன் என்ன கலர் சட்டை போடுறான்னு கேக்கலாம்னுதான்."

"அதக் கேக்கவா போன் பண்ணீங்க? பொண்ணு பாக்க வர்ற மாதிரில்ல கேக்குறீங்க!" போனுக்குப் பின்னாலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் மேசை போட்டு, அதன்மேல் மூன்று கல்லூரிகளின் தொப்பிகளை வைத்தார்கள். ஜமேரியன் மற்ற இரண்டையும் கையால் நகர்த்திவிட்டு ராஸ்கோவின் கல்லூரித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். ஊரே எழுந்து கத்தியது. ஒடெஸா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ராஸ்கோ அதை அலுவலகத்துத் திரையில் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய முதுகில் தட்டினார்கள். அந்த வார முடிவில் தலைமைக் கோச் போனார். மார்ச் மாதத்தில் ராஸ்கோ சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

அலபாமாவில் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை கிடைத்தது. இலையுதிர் காலத்தில் ஜமேரியன் போன் செய்தான். "கோச், உயிரியல் லேப்ப அடுத்த தடவ எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. இப்ப விளையாட்டோட வரலாறுன்னு ஒரு வகுப்பு போட்டிருக்காங்க. அதுல மாட்டப் பத்தி எதுவும் வராதில்ல?"

"நான் பேசுறேன்டா தம்பி" என்றார் ராஸ்கோ. பேசவும் செய்தார். தன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருந்த கோச்சைக் கூப்பிட்டுக் கெஞ்சினார்.

"ராஸ்கோ, நீ நல்ல மனுஷன்யா. ஆனா நீ இப்ப வேற டீம். நீ சொல்றன்னு நான் என் பையனுக்கு லீவு குடுக்கணுமா? சரி, அத விடு. நீ இங்க இருந்தப்ப எத்தன பேர லேப்புக்கு அனுப்பின?"

ராஸ்கோ யோசித்துப் பார்த்தார். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. போனை வைத்தார்.

அடுத்த தடவையும் லேப் மத்தியானம்தான் இருந்தது. மறு வருஷம் அவனைப் பொதுப் படிப்பு என்ற ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். அதில் எல்லா வகுப்பும் மதியத்துக்குள் முடிந்துவிடும். நீ என்னிடமே வந்துவிடு என்று ராஸ்கோவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வந்தால் அந்தக் கால விதிப்படி ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். அதைக்கூடப் பொறுக்கலாம், ஆனால் அவர் இருந்த கல்லூரியில் மாட்டு வைத்தியத்துக்குப் போகும் படிப்பே கிடையாது. ஒடெஸா அழைத்தபோது, "மிஸ் ஒடெஸா, நான் இப்ப அங்க இல்லம்மா" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா? உங்களக் கேக்கச் சொன்னீங்க. கேக்குறேன்." பிறகு அவளே பேச்சை மாற்றினாள். "சரி கோச். உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

மூன்றாம் வருஷம் ஜமேரியனின் தோள் தசைநார் கிழிந்தது. இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். ஆடுவதற்காகக் கல்லூரி கொடுத்த உதவித்தொகை வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. அந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினான். கால்நடைச் சந்தையில் வேலை கிடைத்தது, மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கூண்டில் அடைக்கிற வேலை. மாட்டு டாக்டர் வரும்போது அவருக்குக் கதவைத் திறந்துவிடுவதும் அவன்தான்.

சில வருஷம் கழித்து, அதே வட்டாரத்தில் வேறொரு பையனைப் பார்க்க வந்த ராஸ்கோ, போகிற வழியில் ஒடெஸாவின் வீட்டு முன்னால் காரை நிறுத்தினார். அவள் திட்டுவாள் என்று நினைத்திருந்தார். அவள் அடுப்பை மூட்டினாள். மீனும் கீரையும் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் ஃப்ரீசரைத் திறந்து அந்தப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். தாளின்மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. 'கோச்' என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது.

"இதச் சாப்பிட்டுட்டுப் போங்க."

"அவன் இன்னும் பட்டம் வாங்கலியேம்மா."

"தெரியும். ஒவ்வொரு தடவயும் கறி எடுக்க ஃப்ரீசரத் திறந்தா இத நகத்தி வைக்க வேண்டியிருக்கு. எனக்கு முடியல, கோச். தின்னு தீத்துடுங்க."

ராஸ்கோவின் கை மேசையை விட்டு எழவில்லை. அப்போது ஜமேரியன் உள்ளே வந்தான். பூட்ஸில் சந்தைச் சேறு. "கோச்! எப்படியிருக்கீங்க?" என்று உண்மையான சந்தோஷத்தோடு கட்டிக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் ராஸ்கோவுக்குத் தாங்குவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மறுபடி படிக்கலாமேடா" என்றார்.

"பாத்தேன் கோச். சாயங்கால வகுப்புல கணக்கு எழுதுற படிப்பு மட்டும்தான் இருக்கு. மாட்டுப் படிப்புக்கு லேப் மத்தியானம்தான்." சிரித்தான். "சந்தையும் மத்தியானம்தான்."

ஒடெஸா பொட்டலத்தை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை அடுத்த வீட்டில் பையனுடைய அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பழக்கத்தப் பத்தி ஊரே பேசுது, கோச். உங்க துண்ட முன்னாடியே எடுத்து வச்சிட்டோம், பாருங்க." அலுமினியத் தாள், டேப், பெயர் எல்லாம் தயாராக இருந்தன. மகன் பக்கத்தில் வெட்கத்தோடு நின்றான். ஒடெஸாவின் ஃப்ரீசரில் இருக்கும் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல ராஸ்கோவுக்குத் தோன்றியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து, கேக்கைத் தவிர தட்டில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார்.

போன குளிர்காலத்தில், இன்னொரு ஊருக்குப் பையன் பார்க்கப் போகும் வழியில், பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திய ராஸ்கோ இறங்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அவருடைய இறுதிச் சடங்குக்கு ஒடெஸா வந்திருந்தாள். கேரமல் கேக் கொண்டுவந்து, மற்றவர்கள் கொண்டுவந்ததற்கு நடுவே மேசையில் வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஜமேரியன் இன்னும் சந்தையில்தான் இருக்கிறான். வேலை முடிந்து வந்து, தோளுக்கு ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறக்கும்போது, பெயர் முழுக்க அழிந்துபோன அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறான்.