ஒயர் என் கையில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயர் ஏதோ ரேடியோவை இழுத்திருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஆபீஸில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். ரேடியோவுக்கு என் அண்ணன் பெயர் எப்படித் தெரியும்?

வைத்திக்குப்பம் என்கிற மீனவர் குப்பம்தான் நான் பிறந்த இடம். அங்கே மீன் ஏலம் விடும் கொட்டகையை ஒட்டிய அறையில் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. கடலில் காற்று பலமாக அடிக்கும் என்று எச்சரிக்கை வந்தால், அதில் எப்போதும் ஓடும் 'சர்வீஸ்' என்கிற நிரல் கரையோரக் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கி ஹாரன்களில் தானாகப் பேசும். நான் வேலை பார்க்கும் லாஸ்பேட்டை கம்பெனிதான் அதைப் போட்டுக்கொடுத்தது. குப்பத்துப் பேச்சாக இருக்கட்டும் என்று என்னையே படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதனால் ஹாரனில் கேட்பது என் குரல்.

அதில் மைக் கிடையாது. முன்பு இருந்தது. ஒரு தடவை ஒருத்தன் அந்த மைக்கில் "காத்து வருது, யாரும் போவாதீங்க" என்று கத்தி ஊரையே நிறுத்திவிட்டு, தான் மட்டும் போய் மீனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அன்றோடு பஞ்சாயத்தார் மைக்கைப் பிடுங்கிப் போட்டார்கள். இனி மனுஷன் சொன்னால் நிற்க வேண்டாம், ஹாரன் சொன்னால் மட்டும் நின்றால் போதும் என்று முடிவும் செய்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேனேஜர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆபீஸில் உட்கார்ந்தபடியே அந்தக் கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்துவிட்டார். செய்தவர் சர்வீஸ் மறுபடி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் என் போனுக்குக் காற்று எச்சரிக்கை வந்தது. திரையைப் பார்த்தால் சர்வீஸ் சிவப்பாக நிற்கிறது. ஆபீஸிலிருந்தே அதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், எழவில்லை. "ரீஸ்டார்ட் பண்ணும்மா, வந்துடும்" என்கிறார் மனிதர், வாயில் சோற்றோடு. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு குப்பத்துக்குப் பறந்தேன்.

கரையில் என் அண்ணன் செல்வம் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தான். வானம் துடைத்து விட்டது போல இருந்தது.

"அண்ணா, போவாத. காத்து வருதுன்னு மெசேஜ் வந்திருக்கு."

"ஹாரன் ஒண்ணும் சொல்லலியே."

"அது ரிப்பேரு. அதுல பேசறதே நான்தான, இப்ப நேர்லயே சொல்றேன்."

"அப்ப போய் அதுல பேசு பாப்பா. நான் நின்னா மத்தவனும் நின்னுடுவான். தங்கச்சி பேச்சக் கேட்டு ஊர நிறுத்திட்டான்னு நாளைக்குப் பஞ்சாயத்துல என்னைத்தான் நிக்க வெப்பாங்க."

போனைக் காட்டினேன். போனும் மனுஷன் கையில்தானே இருக்கிறது என்றான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அந்த ஹாரனைப் பேச வைத்தவள் நான், எதிரில் நின்று கத்துகிறேன், எனக்கு மதிப்பில்லை, கம்பத்தில் தொங்கும் தகரத்துக்கு மதிப்பு.

அறைக்குள் ஓடினேன். ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நொடி மூச்சு விட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நடந்ததை எழுதி வைக்கும் லாகைப் பார்த்தால் ஏதோ கோப்பு இருந்த இடத்தில் இல்லை என்கிறது. ஒலி போகும் வழியாவது சரியா என்று பார்க்க, கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன். நம்பினால் நம்புங்கள், ஒயர் என் கையில் இருந்தது. அப்போதுதான் வெளியே ஹாரன் பேசியது.

"செல்வண்ணா, எறங்காத."

என் குரல்தான். ஆனால் கரகரத்த, வயதாகிப்போன என் குரல். அப்படி ஒன்றை நான் பதிவு செய்ததே இல்லை. அதோடும் நிற்கவில்லை, இன்னொரு வரியும் சொன்னது, அதை அப்புறம் சொல்கிறேன். திரும்பிப் பார்த்தேன். திரையில் சர்வீஸ் அப்போதும் செத்துத்தான் கிடந்தது.

வெளியே வந்தால் எல்லாரும் படகுகளை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் காற்று வந்தது. கரையில் கட்டி வைத்த படகே புரண்டது, கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. அண்ணன் அப்போது கடலில் இருந்திருந்தால், அவ்வளவுதான்.

மறுநாள் காரணம் கிடைத்தது. ஒலி எழுப்பும் நிரலை அப்கிரேட் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தது, சர்வீஸ் பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வரியைத் திருத்தினேன், ஓடியது. அப்கிரேட் ஆனதிலிருந்து அதுவரை அது ஒரு தடவைகூடப் பேசவில்லை என்றுதான் லாக் சொல்கிறது. ஆனால் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும்னு நான்தான் சொன்னேன்ல." பஞ்சாயத்தாரோ, மைக்கை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். காற்று வருகிறது என்றபோதும் நம்பவில்லை, ஹாரனில் பேசியது நான் இல்லை என்றபோதும் நம்பவில்லை. இது என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் மட்டும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டான்.

"பாப்பா, அன்னிக்கு ஏன் அப்படி அழுதுகினே சொன்ன?"

அந்த இன்னொரு வரி அவனுக்கும் கேட்டிருக்கிறது. "போன வாட்டி மாதிரி என்னை விட்டுட்டுப் போயிடாத" என்றது அந்தக் குரல்.

எந்தப் போன வாட்டி? அண்ணன் ஒருநாளும் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்ததில்லை. இதோ, சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறான். இருங்கள், ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.