மூன்று தடவை துவைத்தும் போகாத கறை

நாற்பத்தொரு குடும்பங்கள் துணி துவைக்கும் ஆற்றுத் துறை மூடப்படாமல் தப்பியது, அது முதலாவது. மேற்கே இருந்த சாயப் பட்டறை தன் கழிவை ஆற்றில் விடுவதை நிறுத்தியது, இரண்டாவது. ஒரு தத்துவப் பேராசிரியர் எல்லார் முன்னாலும் எழுந்து தன் பேச்சைத் திருத்திக்கொண்டது, மூன்றாவது. இந்த மூன்றையும் ஜெயித்தவள் என் தங்கை. அவளால் ஜெயிக்க முடியாதது ஒன்றுதான்: வீட்டுக்காரரை நேரத்துக்குச் சாப்பிட வைப்பது.

நான் ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கு பார்த்தவன். படிப்பு எட்டாவதோடு சரி. விரிப்பும் உறையும் நான் எண்ணிக் கட்டுவேன், தங்கை துவைப்பாள், அவள் வீட்டுக்காரரான எங்கள் மாப்பிள்ளை இஸ்திரி போடுவார். திங்கட்கிழமைதோறும் வேலை தொடங்கும் முன், பழைய வெள்ளை விரிப்பிலிருந்து ஒரு முழம் கிழித்து, ஆற்றில் அமிழ்த்தி, பிழியாமல் காயப் போடுவாள். சேறோ சாயமோ ஏறினால் அன்று வெள்ளை துவைக்கமாட்டாள். இதை எல்லாரும் செய்வார்கள், பார்த்துவிட்டுத் தூக்கி எறிவார்கள். அவள் மட்டும் எடுத்து வைத்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் அழியாத மையில் தேதி போட்டது நான். பதினோரு வருடத்தில் ஐந்நூற்று அறுபத்தெட்டுத் துண்டுகள். அம்மை வந்து அவள் படுத்திருந்த நான்கு வாரம் மட்டும் இல்லை.

ஆற்றையும் ஓர் ஆளாக மதித்துச் சட்டம் போட வேண்டும் என்ற பேச்சு ஊரில் எழுந்தது அந்தப் பதினோராம் வருடம்தான். ஆறு நமக்காக இல்லை, அது அதற்காகவே இருக்கிறது என்பது பேராசிரியரின் கொள்கை. நல்ல மனிதர். தங்கைக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் அவர் எழுதிக் கொடுத்த மனுவில் இரண்டு கரையிலும் வேலி என்று இருந்தது. ஒருநாள் அவரே துறைக்கு வந்து விளக்கினார்.

"இயற்கைன்னா மனுஷன் கை படாததும்மா."

"அப்போ நான் எதுல சேர்த்தி சார்?"

"நீங்க மனுஷங்க பக்கம்."

"முப்பது வருஷமா முட்டி வரைக்கும் தண்ணியிலதான் நிக்கிறேன். இதுல பக்கம் எங்க சார் இருக்கு?"

பக்கத்துக் கல்லில் துவைத்தவள் சிரித்தாள். "அக்கா, உனக்கும் ஆத்துக்கும் விவாகரத்து வாங்கித் தர வந்திருக்கார். கையோட ஜீவனாம்சம் கேட்டுக்கோ."

பேராசிரியரும் சிரித்தார். ஆனால் வேலியை விடவில்லை. சோப்பும் சாயமும் ஒன்றுதான், மனிதக் கையே கெடுதல் என்றார். மனுவை விசாரிக்க அரசு அதிகாரிகள் நாள் குறித்தார்கள். வேலி வந்தால் துறை போய்விடும். ஆற்றைக் கெடுத்தது பட்டறைதான் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் துண்டுகள்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை போய்ப் பார்த்தால், ஐந்நூற்று அறுபத்தெட்டும் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை பண்ணீங்க?"

"அழுக்குத் துணியை அதிகாரிங்க கையில எப்படி மச்சான் குடுக்கிறது? மூணு தடவை துவைச்சேன். சிலது மட்டும் போகல, மன்னிச்சுக்கோங்க."

பதினோரு வருடச் சாட்சியையும் துவைத்து வைத்திருந்தார். தங்கை அவரைத் திட்டவில்லை. வெகுநேரம் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு கேட்டாள், "அண்ணே, இது எந்த வருஷம்? இது?"

மறுநாள் விசாரணைச் சபையில் துணிகளை இரண்டு குவியலாக வைத்தாள்.

"இதெல்லாம் எங்க வீட்டுக்காரர் துவைச்சுட்டார். அவர் துவைச்சு ஒண்ணு போகலைன்னா அது போகாது. இந்தப் பக்கம் முதல் ஆறு வருஷம். நாங்க நாப்பத்தொரு குடும்பமும் அப்பவும் துவைச்சோம். சேறு, சோப்பு, இலைக்கறை எல்லாம் இருந்துச்சு, எல்லாம் போயிடுச்சு. அந்தப் பக்கம் பட்டறை வந்தப்புறம். ஊதா அப்படியே நிக்குது. ஆறும் எங்களை மாதிரிதான் சார், துவைச்சுக்கிட்டே இருக்கு. அதால துவைக்க முடிஞ்சதைப் போட்டவனையும், முடியாததைப் போட்டவனையும் ஒரே வேலிக்கு வெளியில நிறுத்தாதீங்க."

பேராசிரியர் எழுந்து வந்து ஓர் ஊதாத் துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "கை படக்கூடாதுன்னு எழுதினேன். எந்தக் கைன்னு கேட்டிருக்கணும்," என்றார். வேலியைத் தன் மனுவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

சட்டம் வந்தது. ஆற்றுக்காகப் பேச இரண்டு பொறுப்பாளர்கள்: ஒருவர் பேராசிரியர், இன்னொருவர் துறையிலிருந்து, என் தங்கை. பட்டறைக்கு அனுப்பும் முதல் நோட்டீஸில் இருவரும் ஒப்பமிட வேண்டும். குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார்.

"பெருவிரல் வெச்சாப் போதும்மா. செல்லும்."

"இங்க செல்லும். பட்டறைக்காரன் கோர்ட்டுல, ஒண்ணும் தெரியாதவ கையைப் புடிச்சு வெச்சாங்கன்னு சொல்வான். ஒன்பது நாள் குடுங்க."

அந்த ஒன்பது நாளும் துவைக்கும் கல்லில் ஈரவிரலால் எழுதினாள். வெயில் அதை உலர்த்தும், மறுபடி எழுதுவாள். இரண்டாம் எழுத்தின் சுழி மட்டும் அடங்காமல் ஓடியது. அதை மாப்பிள்ளை கேலி செய்ய, இரண்டு நாள் அவருக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

நோட்டீஸில் பேராசிரியரின் கையெழுத்துக்குக் கீழே, கோட்டைத் தொடாமல், அவசரப்படாமல் தன் பெயரை எழுதினாள். தேதியை மட்டும் என்னைப் போடச் சொன்னாள். 2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை.